லேசான கெட்ட வார்த்தையில் எது லேசு?

"என்ன எழவுடா இது, மூணு மணி நேரமா கரண்ட் இல்ல" என்று யாராவது இணையத்தில் எழுதினால் போதும், அங்கே ஒரு பஞ்சாயத்து கூடிவிடும். "படிச்சவர் பேசுற பேச்சா இது?" என்று ஒருவர் வருவார். "இதெல்லாம் ஒரு கெட்ட வார்த்தையா, போங்க சார்" என்று இன்னொருவர் வருவார். கொஞ்ச நேரத்தில் கரண்ட்டை எல்லாரும் மறந்துவிட்டு வளர்ப்பு, பண்பாடு, ஊர் என்று எங்கெங்கோ போயிருப்பார்கள்.

இந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் செய்வது ஒரே வேலைதான். சொல்லைத் தனியே பிடுங்கி எடுத்து அதற்கு நல்லது, கெட்டது, லேசு, கனம் என்று விலைச்சீட்டு ஒட்டுகிறார்கள். ஒரு சொல் லேசாக இறங்குவதும் கனமாக இறங்குவதும் வேறு சில விஷயங்களைப் பொறுத்தது. சொல் எங்கிருந்து வந்தது, யாரை நோக்கிப் போகிறது, யார் கண்ணில் படுகிறது என்ற மூன்றும் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இங்கே பேசப்போவது சனியன், எழவு, கருமம், எருமை, பக்கி, பன்னாடை, லூசு மாதிரியான சொற்களைப் பற்றி. சென்னையில் கஸ்மாலம், பேமானி என்பார்கள். யாழ்ப்பாணத்தில் விசரன், பேயன். தாயையும் பாலுறவையும் இழுக்கும் கனத்த வசைகள் இந்தக் கட்டுரையில் வரமாட்டா. அவை எப்படி வேலை செய்கின்றன என்று புரிந்துகொள்ள அவற்றை எழுதிக் காட்டத் தேவையில்லை.

மிளகாயில் நெருப்பு இல்லை

பச்சை மிளகாயைக் கடித்தால் நாக்கு எரிகிறது. கண்ணில் தண்ணீர் வருகிறது, நெற்றி வியர்க்கிறது. ஆனால் நாக்கு எதிலும் சுடப்படவில்லை. மிளகாயில் இருக்கும் கேப்சைசின் என்ற பொருள், சூட்டை உணர்வதற்காக நாக்கில் இருக்கும் நரம்பு முனைகளைப் போய்த் தூண்டிவிடுகிறது. மூளை அதைச் சூடு என்றே எடுத்துக்கொள்கிறது. கண்ணீரும் வியர்வையும் நிஜம், தீ மட்டும் பொய். தினமும் காரம் தின்று பழகியவருக்கு அதே மிளகாய் அவ்வளவாக உறைப்பதில்லை. பழகாத குழந்தை ஒரு கடியிலேயே அலறும்.

கெட்ட வார்த்தையும் இப்படித்தான். 'எழவு' என்று எழுதியதால் யார் வீட்டிலும் சாவு விழுவதில்லை. ஆனாலும் வாசிப்பவருக்குள் ஏதோ சுரீர் என்கிறது. அந்தச் சுரீர் சிறு வயதில் உள்ளே போனது. அந்தச் சொல்லைச் சொன்னபோது அம்மா முறைத்தது, "வாயில சூடு வைப்பேன்" என்று பாட்டி மிரட்டியது, வகுப்பில் முட்டி போட வைத்தது எல்லாம் சேர்ந்து அந்த ஒலிக்கு ஒரு அலாரத்தை மாட்டிவிடுகின்றன. இப்படி ஒரு சமூகம் 'பொதுவில் சொல்லாதே' என்று ஒதுக்கி வைத்த சொல்லை விலக்குச் சொல் என்று வைத்துக்கொள்வோம்.

அலாரம் சொல்லின் ஓசையில் இல்லை, அதை நாம் கற்ற விதத்தில் இருக்கிறது என்பதற்குச் சோதனை ஆதாரமே உண்டு. இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டீஃபன்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2009இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்கள் ஐஸ் தண்ணீரில் கையை வைத்திருக்க வேண்டும். ஒரு முறை தாங்கள் தேர்ந்தெடுத்த கெட்ட வார்த்தையைச் சொல்லிக்கொண்டு, இன்னொரு முறை ஒரு மேசையை வர்ணிக்கும் சாதாரணச் சொல்லைச் சொல்லிக்கொண்டு. திட்டிக்கொண்டு வைத்தபோது அதிக நேரம் தாங்கினார்கள், இதயத் துடிப்பும் கூடியது. சிரிக்க வைத்துப் பிறகு யோசிக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு 2010இல் இதற்குக் கிடைத்தது. பிறகு 2020இல் வெளிவந்த ஆய்வில், கெட்ட வார்த்தை போலவே ஒலிக்கும் இரண்டு புதுச் சொற்களை ஜோடித்துக் கொடுத்துப் பார்த்தார்கள்: ஃபவுச், ட்விஸ்பைப். வலியைத் தாங்க அவை உதவவே இல்லை. யாரும் அவற்றுக்காக அடி வாங்கியதில்லை அல்லவா?

இதைவிட நமக்கு நெருக்கமான ஆய்வு ஒன்று 2003இல் வந்தது. துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு, ஆங்கிலத்தைப் பிறகு கற்றவர்களின் தோலில் மின்கடத்தும் திறனை அளந்தார்கள். உணர்ச்சி எழும்போது லேசாக வியர்க்கும், அளவு மாறும். விலக்குச் சொற்களும், குழந்தையைக் கண்டிக்கும் வாசகங்களும் ஆங்கிலத்தைவிடத் துருக்கி மொழியில் கேட்டபோதுதான் அவர்களை அதிகம் உலுக்கின.

தமிழர்கள் இணையத்தில் 'ஷிட்', 'டேம்', 'டபிள்யூ டி எஃப்' என்று கூசாமல் தட்டுவதன் ரகசியம் இதுதான். 'ஷிட்' என்பதன் தமிழை அதே ஆள் அதே இடத்தில் எழுதமாட்டார். ஆங்கிலச் சொல்லுக்கு அவருடைய வீட்டில் யாரும் அலாரம் மாட்டவில்லை. ஆனால் வீட்டிலேயே ஆங்கிலம் பேசி வளர்ந்த ஒருவர் அந்த வரியைப் படித்தால் அவருக்கு உறைக்கும். அதனால்தான் வெளிநாட்டு அலுவலகக் குழுக்களில் நம்மவர்கள் சிலர் அளவு தெரியாமல் ஆங்கிலத்தில் திட்டிவிட்டு, எல்லாரும் ஏன் அமைதியானார்கள் என்று முழிக்கிறார்கள்.

இதுவரை வந்தது: கெட்ட வார்த்தையின் காரம் ஒலியிலும் இல்லை, அகராதிப் பொருளிலும் இல்லை. சிறு வயதில் பழக்கப்பட்ட தடையில் இருக்கிறது. ஆளுக்கு ஆள், மொழிக்கு மொழி அது மாறும்.

எதற்குப் பயப்படுகிறோமோ அங்கிருந்து

விலக்குச் சொற்கள் எங்கிருந்தும் வந்துவிடுவதில்லை. ஒரு சமூகம் எதை அஞ்சுகிறதோ, எதைப் புனிதம் என்கிறதோ, எதை மூடி வைக்கிறதோ அங்கிருந்துதான் வருகின்றன.

கனடாவின் கியூபெக் மாநிலம் இதற்கு நல்ல உதாரணம். அங்கே பிரெஞ்சு பேசுகிறவர்கள் கோபம் வந்தால் சொல்லும் சொல் 'தபர்னாக்'. கத்தோலிக்கக் கோயிலில் நற்கருணை வைக்கும் பேழையின் பெயர்தான் அது. திருக்கிண்ணம், அப்பம் என்று பூசைப் பொருட்களின் பெயர்களெல்லாம் அங்கே வசைகள். பல தலைமுறைகளாகத் திருச்சபை அன்றாட வாழ்வை இறுக்கிப் பிடித்திருந்த ஊரில் தடை அங்கேதான் இருந்தது. டச்சுக்காரர்கள் நோய்களை வைத்துத் திட்டுவார்கள். டைஃபஸ், காசநோய், புற்றுநோய் எல்லாம் அங்கே வசைச் சொற்கள்.

தமிழின் லேசான வசைகளில் பெரும்பகுதி சாவையும் அமங்கலத்தையும் சேர்ந்தவை. எழவு, பாடை, கட்டையில போறவன், சனியன், பீடை, தரித்திரம், மூதேவி, கெரகம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றில் மூதேவியின் கதை பரிதாபமானது. மூத்த தேவி, அதாவது ஜேஷ்டை, ஒரு காலத்தில் சிலை வைத்துக் கும்பிடப்பட்ட தெய்வம். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் அவள் சிற்பம் இருக்கிறது. சோம்பேறியிடம் 'மாமுகடி' தங்குவாள் என்று 617ஆம் குறள் சொல்வதும் அவளைத்தான். இன்றைக்கு அவள் பெயர், எட்டு மணிவரை போர்த்திக்கொண்டு தூங்கும் பையனை எழுப்பப் பயன்படுகிறது.

இன்னொரு ஊற்று விலங்குகளும் உபயோகமற்ற பொருட்களும். எருமை, கழுதை, பன்னாடை. 'பன்னாடை' என்று திட்டுபவர்கள் பலர் அதைப் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள். தென்னை, பனை மட்டையின் அடியில் இருக்கும் வலை போன்ற நார் அது. அதில் எதையாவது வடிகட்டினால் நல்லதைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும். நன்னூல் மாணாக்கர்களைத் தரம் பிரிக்கும்போது கடைசித் தரத்துக்குச் சொல்லும் உவமைகள் ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி. நெய்யரி என்றால் இந்தப் பன்னாடைதான். வாத்தியார் பையனை "எருமை, பன்னாடை" என்று திட்டினால் அதற்கு இலக்கண நூல் சான்று இருக்கிறது என்று அவர் வாதாடலாம். (வாதாட வேண்டாம். நன்னூலார் அதை வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்காக எழுதவில்லை.)

அன்றாடப் பயன்பாட்டில் இந்தச் சொற்களுக்கு ஒரு விஷயம் நேர்கிறது. "சனியன் பிடிச்ச நெட்வொர்க்" என்று எழுதுபவர் ஜாதகத்தைப் பற்றி யோசிக்கவில்லை. சொல்லின் பழைய பொருள் மெல்ல ஒழுகிப்போய், அதில் இருந்த உணர்ச்சி மட்டும் மிஞ்சிவிட்டது. இதைப் பொருள் வடிதல் எனலாம். முழுக்க வடிந்த பிறகு அந்தச் சொல் பாராட்டுக்குக்கூட உதவும். "மரண மாஸ்", "பயங்கரமா இருக்கு பிரியாணி" என்பதில் சாவும் இல்லை, பயமும் இல்லை. ஒரு சொல் 'லேசான' கெட்ட வார்த்தையாக இருப்பது பெரும்பாலும் இந்தப் பாதி வழியில்தான். அதில் பொருள் வடிந்திருக்கும், காரம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

வடியும் வேகம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. பிரிட்டனில் 1914இல் பெர்னார்ட் ஷாவின் நாடகத்தில் நாயகி 'பிளடி' என்று ஒரு சொல்லை மேடையில் சொன்னது லண்டன் முழுக்கப் பரபரப்பானது. இன்றைக்கு அந்நாட்டின் ஒலிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், கெட்ட வார்த்தைகளின் காரத்தை மக்களிடம் கேட்டு வகைப்படுத்தும்போது அதே 'பிளடி' லேசான பட்டியலில்தான் நிற்கிறது.

டா போட்டால் நண்பன், ங்க போட்டால் சண்டை

ஒரே சொல்லை நாலு விதமாக எழுதலாம். "அய்யோ கருமம்" என்பதில் எதிரே யாரும் இல்லை. "இந்தக் கருமம் பிடிச்ச ஆப் திறக்கவே மாட்டேங்குது" என்பதில் இருப்பது ஒரு பொருள். இந்த இரண்டிலும் யாருக்கும் காயமில்லை. ஆட்களை நோக்கித் திரும்பும்போதுதான் கவனிக்க வேண்டியிருக்கிறது, அங்கும் இரண்டு வகை உண்டு.

"டேய் எருமை, பஸ் கிடைச்சுதா? போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடு."

இதைப் படிக்கும் நண்பனுக்கு இது அக்கறை. அதையே "பேருந்து கிடைத்ததா? சென்று சேர்ந்ததும் தெரிவிக்கவும்" என்று அனுப்பிப் பாருங்கள். "என்னடா கோவமா?" என்று உடனே ஃபோன் வரும். மொழியியலாளர் ஜெஃப்ரி லீச் 1983இலேயே இதை விளக்கினார். வெளிப்படையாகவே பொய்யான, வெளிப்படையாகவே மரியாதையற்ற ஒன்றை நெருங்கியவரிடம் சொல்லும்போது, 'நம்மிடையே மரியாதை என்ற வேலி தேவையில்லை' என்ற செய்தி போகிறது. இதை நட்பு வசை என்போம். நண்பன் எருமை அல்ல என்பது இருவருக்கும் தெரியும். அந்தத் தெரிதல்தான் அங்கே பேசுகிறது.

தமிழில் இதற்கு இன்னொரு நுட்பம் இருக்கிறது. வசைச் சொல்லைவிட அதற்குப் பின்னால் வரும் ஒட்டு அதிகம் பேசும். "லூசாடா நீ?" என்பதற்குச் சிரிக்கலாம். "நீங்க லூசாங்க?" என்று வந்தால் அது சண்டைக்கான அழைப்பு. மரியாதை கூடக் கூட வசை லேசாக வேண்டும் என்றுதானே தோன்றும்? இங்கே தலைகீழ். 'ங்க' போட்டவர் தூரத்தை வைத்துக்கொண்டு திட்டுகிறார், அதாவது நட்பு வசையின் கதவைச் சாத்திவிட்டுத் திட்டுகிறார். முன்பின் தெரியாதவருக்கு 'டா' போட்டாலும் கதை இதேதான். உறவும் ஒட்டும் பொருந்தாதபோது எவ்வளவு லேசான சொல்லும் கனத்துவிடும்.

நட்பு வசைக்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: எதிரில் இருப்பவர் அதே சொல்லைத் திருப்பிச் சொல்ல முடியுமா? நண்பன் முடியும். மேலாளர் அலுவலகக் குழுவில் "என்னய்யா எருமை மாதிரி வேலை பாக்குற" என்று எழுதினால், ஸ்மைலி போட்டிருந்தாலும், அந்த ஊழியர் பதிலுக்கு "நீங்கதான் சார் எருமை" என்று எழுத முடியாது. 'நானும் அவனும் ரொம்ப க்ளோஸ், அதான்' என்று மேலாளர் பிறகு சொல்வது பெரும்பாலும் ஒருதலைப்பட்சமான நெருக்கம். பெண்களுக்கு இந்தத் திருப்பிச் சொல்லும் உரிமை இன்னும் குறைவு. ஆண் எழுதினால் 'ஜாலியான ஆள்' என்று போகும் அதே "கருமம்டா சாமி" ஒரு பெண்ணின் பக்கத்தில் வந்தால், வளர்ப்பைப் பற்றி விசாரிக்க ஆள் வந்துவிடுகிறார்கள். சொல் ஒன்றுதான், உரிமை ஒன்றல்ல.

குரல் இல்லாத பேச்சு

இணையத்தில் நாம் எழுதுவது எழுத்துதான், ஆனால் வேலை பேச்சினுடையது. திண்ணையில் உட்கார்ந்து "போடா லூசு" என்றால் முகத்தில் சிரிப்பு இருக்கும், குரல் இழுக்கும், கை தோளைத் தட்டும். தட்டச்சில் அந்த நாலு எழுத்து மட்டும்தான் போய்ச் சேர்கிறது. மிச்சத்தை வேறு வழியில் அனுப்ப வேண்டும். அதனால்தான் 'டேஏஏஏய்' என்று நீட்டுகிறோம், சிரித்து அழும் முகத்தை மூன்று முறை போடுகிறோம், 'எழவு' என்பதை 'எளவு' என்றும் 'கிரகம்' என்பதைக் 'கெரகம்' என்றும் வாய் சொல்கிறபடியே எழுதுகிறோம். தமிழில் எழுத்து நடைக்கும் பேச்சு நடைக்கும் உள்ள தூரம் அதிகம் என்பதால், பேச்சு நடையில் எழுதுவதே 'நான் இப்போது சபையில் இல்லை, திண்ணையில் இருக்கிறேன்' என்று அறிவிப்பது போலாகிவிடுகிறது. லேசான வசை அந்த அறிவிப்பின் ஒரு பகுதி. செந்தமிழ் வாக்கியத்தின் நடுவில் அதே சொல்லை நட்டுப் பாருங்கள், துருத்திக்கொண்டு நிற்கும்.

அமெரிக்காவின் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ட்விட்டரில் வந்த சுமார் 5 கோடியே 10 லட்சம் ஆங்கிலப் பதிவுகளை அலசி 2014இல் வெளியிட்ட கணக்குப்படி, அங்கே எழுதப்பட்ட சொற்களில் 1.15 சதவீதம் கெட்ட வார்த்தைகள். நேர்ப்பேச்சைப் பற்றிய பழைய ஆய்வுகள் சொல்லும் அளவைவிட இது அதிகம். முகம் தெரியாததால் துணிச்சல் வருகிறது என்று சட்டென்று சொல்லிவிடலாம், அது ஓரளவு உண்மையும்கூட. ஆனால் குரலில் ஏற்றவேண்டியதைச் சொல்லில் ஏற்றவேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கணிப்பு.

சிக்கல் வருவது வாசகர் பக்கத்திலிருந்து. நேரில் நாம் கல்லூரி நண்பர்களிடம் பேசும்போது பெரியப்பா அங்கே இருக்கமாட்டார். அவர் வந்தால் பேச்சு தானாக மாறும். இணையத்தில் நண்பன், பெரியப்பா, பழைய டீச்சர், நாளைக்கு வேலை தரப்போகிறவர் எல்லாரும் ஒரே வரியைப் படிக்கிறார்கள். ஒரே அறையில் ஒருபோதும் உட்காராத கூட்டங்கள் இப்படி ஒரே வரியின் முன்னால் வந்து நிற்பதைச் சூழல் நெரிசல் எனலாம். நண்பனுக்காக எழுதிய 'எருமை' பெரியப்பாவுக்கு வெறும் எருமையாகப் போய்ச் சேர்கிறது. ஸ்கிரீன்ஷாட் இதை இன்னும் மோசமாக்குகிறது. சொல்லைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னால் நடந்த பத்து நிமிடச் சிரிப்பை வெட்டி எறிந்துவிடுகிறது. பன்னாடை செய்யும் அதே வேலை.

ஆக, எழுதியவருக்கு லேசு என்பதும் வாசிப்பவருக்குக் கனம் என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். கரண்ட் போன பதிவின் கீழே சண்டை போட்ட இருவரும் பொய் சொல்லவில்லை.

புள்ளி வைத்து மறைப்பது

நம் பழைய இலக்கணக்காரர்கள் இதை நன்றாகவே பிடித்திருந்தார்கள். "அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்" என்கிறது தொல்காப்பியம். அவையில் சொல்லத்தகாத சொல்லை மறைத்துச் சொல் என்பது பொருள். எந்தச் சொல் கெட்டது என்று அது பட்டியல் தரவில்லை. அவைக்கு ஆகாதது என்று வாசகர் கூட்டத்தை வைத்துத்தான் அளக்கிறது. அடுத்த நூற்பா இன்னும் சுவையானது: "மறைக்குங் காலை மரீஇயது ஒராஅல்." பழகிப்போய்விட்ட சொல்லை மறைக்க வேண்டியதில்லை. உரைகாரர்கள் ஆப்பி, ஆட்டுப்பிழுக்கை என்று சாணத்தையும் புழுக்கையையும் உதாரணம் காட்டுகிறார்கள். பொருள் வடிதல் என்று மேலே பார்த்தோமே, அதற்கு இலக்கணம் கொடுத்த சலுகை இது. இப்படி மறைத்துச் சொல்வதற்கு நன்னூல் வைத்த பெயர் இடக்கரடக்கல். கால் கழுவி வந்தேன் என்று சொல்லும் வழக்கம் அந்த வகை.

இணையத்தில் இடக்கரடக்கல் புள்ளியாகவும் நட்சத்திரமாகவும் வருகிறது. 'ம...ரு' என்று எழுதினால் புரியாதவர் யாருமில்லை. அப்படியானால் என்ன மறைந்தது? சொல் மறையவில்லை. வாசகரே தன் மனசுக்குள் அதை நிரப்பிக்கொள்கிறார். ஆனால் 'எல்லை எங்கே என்று எனக்குத் தெரியும், அதைத் தொட்டுவிட்டு நின்றேன்' என்ற செய்தி கூடுதலாகப் போகிறது. காமிக்ஸ்களில் கோபக்காரன் தலைக்கு மேல் குறியீடுகளும் சுருள்களுமாக ஒரு கொத்து வருமே, அதற்கு அமெரிக்கக் கார்ட்டூனிஸ்ட் மார்ட் வாக்கர் 1964இல் 'க்ராலிக்ஸ்' என்று பெயரே வைத்தார். கியூபெக்கில் சபைக்கு ஏற்ற மாதிரி 'தபர்னாக்'கை 'தபர்னூஷ்' என்று வளைப்பார்கள். நம் 'அடங்கொக்கமக்கா'வும் அந்தக் குடும்பம்தான். அசல் எதைக் குறித்தது என்று யோசிக்காமலே எழுதிவிட்டுப் போகலாம்.

மனிதர்களுக்கு விளங்கும் இந்த மறைப்பு இயந்திரங்களுக்கு விளங்குவதில்லை. 1996இல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் ஊர்க்காரர்கள் ஏஓஎல் என்ற இணையச் சேவையில் கணக்குத் தொடங்க முடியாமல் தவித்தார்கள். ஊர்ப் பெயருக்குள் ஒரு கெட்ட வார்த்தையின் எழுத்துகள் வரிசையாக இருந்ததுதான் காரணம். தமிழில் 'மயிர்' என்ற சொல்லை ஒரு வடிகட்டி தடுத்தால் என்ன ஆகும்? "மயிரிழையில் உயிர் தப்பினார்" என்ற செய்தித்தாள் வாக்கியம் போய்விடும். "தலையின் இழிந்த மயிரனையர்" என்ற 964ஆம் குறளும், கவரிமாவைப் பாடும் 969ஆம் குறளும் போய்விடும். சொல்லை மட்டும் பார்த்து லேசு, கனம் என்று பிரிக்க முடியாது என்பதை இயந்திரம் இப்படித் தன் தோல்வியிலேயே காட்டிக்கொடுக்கிறது.

லேசாகத் தெரிந்தும் லேசல்லாதவை

சில சொற்களுக்கு இந்த விளக்கம் எதுவும் சலுகை தராது. 'சண்டாளன்' என்று சிலர் இன்றும் சர்வசாதாரணமாக எழுதுகிறார்கள். அது ஒரு சாதிப் பெயர். அதை இழிவுபடுத்தும் சொல்லாகப் பயன்படுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை வரலாம் என்று தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம் 2024 ஜூலையில் எச்சரித்தது. 'கேப்மாரி'யும் அப்படித்தான், ஆங்கிலேயர் ஆட்சியில் குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்ட ஒரு சமூகத்தின் பெயர், அந்த முத்திரையோடு சேர்ந்தே வசையாகிவிட்டது. எழுதுகிறவருக்கு அந்த வரலாறு தெரியாமல் இருக்கலாம், அவரைப் பொறுத்தவரை பொருள் வடிந்திருக்கலாம். அந்தச் சமூகத்தில் பிறந்தவருக்கு அது வடியவே இல்லை. பிறப்பை வைத்து ஒரு கூட்டத்தையே கீழே தள்ளும் பேச்சை வெறுப்புப் பேச்சு என்கிறோம். 'எழவு' காரம் என்றால் இது கலப்படம், இரண்டையும் ஒரே டப்பாவில் போடக்கூடாது.

லூசு, மெண்டல், விசரன் ஆகியவை நடுவில் தொங்குகின்றன. நானும் 'லூசு' என்று எழுதுவேன். ஆனால் மனநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர் அந்தக் குழுவில் இருக்கிறார் என்று தெரிந்தால் எழுதமாட்டேன். இணையத்தில் யார் இருக்கிறார் என்று தெரியாது என்பதுதான் சங்கடம்.

கொஞ்சம் சட்டம்

இணையத்தில் 'மிகவும் புண்படுத்தும்' செய்தி அனுப்பினாலே தண்டிக்க இடம் தந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்துவிட்டது. கெட்ட வார்த்தையும் ஆபாசமும் ஒன்றா என்ற கேள்வி பிறகு ஓர் இணையத் தொடர் வழக்கில் வந்தது. அதில் வரும் வசனங்களை இயர்போன் போட்டுத்தான் கேட்க வேண்டியிருந்தது என்று டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி 2023 தீர்ப்பில் எழுதினார். உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. கொச்சையான சொல் வேறு, ஆபாசம் வேறு. கோபத்திலும் எரிச்சலிலும் சொல்லப்படும் வசையை அதன் நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ளக்கூடாது என்பது அதன் சாரம். நாம் மேலே பார்த்த பொருள் வடிதலை நீதிமன்றம் தன் மொழியில் சொல்லியிருக்கிறது. மிரட்டலும் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதும் வேறு பிரிவுகளின் கீழ் வரும், அவற்றுக்கு இந்தத் தீர்ப்பு குடை பிடிக்காது.

சொல் பஞ்சமா?

கடைசியாக ஒரு பழைய குற்றச்சாட்டு. 'வேறு சொல் தெரியாதவன்தான் கெட்ட வார்த்தை பேசுவான்' என்பார்கள். உளவியலாளர்கள் கிறிஸ்டின் ஜேயும் திமோத்தி ஜேயும் 2015இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் எத்தனை கெட்ட வார்த்தைகள் சொல்ல முடியும், எத்தனை சாதாரணச் சொற்கள் சொல்ல முடியும் என்று ஆட்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். ஒன்றில் அதிகம் சொன்னவர்கள் பொதுவாக மற்றதிலும் அதிகம் சொன்னார்கள். இதை வைத்துத் திட்டுகிறவரெல்லாம் அறிவாளி என்று சொல்லிவிட முடியாது. சொல் பஞ்சம்தான் காரணம் என்ற கதை நிற்காது, அவ்வளவுதான்.

தமிழில் இதற்கு ஆய்வே தேவையில்லை. வெண்பாவுக்குப் புகழேந்தி, பரணிக்குச் சயங்கொண்டான் என்று புலவர்களின் தனித்திறனை அடுக்கும் பழைய பாடல், அதே மூச்சில் "வசைபாடக் காளமேகம்" என்கிறது. முக்கூடற்பள்ளு என்ற பழைய சிற்றிலக்கியத்தில் பள்ளனின் மனைவியர் இருவரும் ஏசிக்கொள்ளும் பகுதி ஒன்று உண்டு. உங்கள் சாமிக்குச் சுற்றிக் கட்ட நாலு முழத் துண்டுகூட இல்லை, புலித்தோலைக் கட்டியிருக்கிறார் என்று மூத்தவள் சிவனை இழுப்பாள். உங்கள் சாமி மட்டும் என்ன, சடை கட்டி மரவுரி உடுத்தியவர்தானே என்று இளையவள் திருமாலைப் பிடிப்பாள். இப்படியே ஒருத்தி விட்ட அடியில் மற்றவள் தொடங்கி, எதுகை தப்பாமல், இரண்டு மதங்களின் புராணம் முழுவதையும் வசைக்காக உருட்டித் தள்ளிவிட்டுப் பிறகு சமாதானமும் ஆகிவிடுவார்கள். சொல் பஞ்சத்தில் இருக்கிறவர் எழுதக்கூடிய ஏசல் அல்ல அது.